குல்மீர் நின்ற வாசல்

குல்மீர் கானைப் பற்றி எழுதவேண்டியவர் என் கணவர் சச்சிதானந்தன்தான். அந்த மனிதனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர் அவர். ஆனால் இவர் எதையும் தொடங்குவார், முடிக்கமாட்டார். எங்கள் பின்வளவில் கோழிக்கூடு ஒன்று ஐந்து வருடமாகக் கூரையில்லாமல் நிற்கிறது, கோழியும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் யோகராணி. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் இருக்கிறோம். பக்கத்துத் தொழில்நுட்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறேன். எனக்குப் பொறுமை காணாது என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். சொல்லுகிறவர்கள் ஒரு மாதம் குல்மீருக்குப் பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

அவன் அந்த வீட்டுக்கு வந்தது எழுபத்தைந்தாம் ஆண்டு. அவன் என்று எழுதுவதற்கு யாரும் குறை நினைக்க வேண்டாம். என் தம்பியின் வயதுதான், அதோடு கோபத்தில் எனக்கு மரியாதை வாய்க்குள் வராது. ஊர், பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் குர்ரம் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் வெள்ளை மலை, மலைக்கு அந்தப்பக்கம் ஆப்கானிஸ்தான். பஷ்தூன் சனங்கள். மலையில் பனி உருகி வருகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து நெல்லும் கோதுமையும் விளைவிக்கிறார்கள், வளவுகளில் ஆப்பிள் காய்க்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் தோட்டா போட்ட துவக்கு இருக்கிறது. இவ்வளவும் குல்மீர் என் கணவருக்குச் சொல்லி, என் கணவர் எனக்குச் சொன்னவை. எனக்கு நேரே அவன் எதுவும் சொன்னதில்லை. வேறு வீட்டுப் பெண்ணின் முகம் பார்த்துப் பேசுவது அவர்களிடத்தில் மரியாதைக் குறைவாம். நான் முன்னாலேயே நிற்பேன். அவன் என் கணவரைப் பார்த்து, "பிரதர், சிஸ்டரிட்டைக் கேள், அந்த மண்வெட்டியை ஒருக்காத் தரேலுமோ எண்டு" என்பான். மண்வெட்டி என் கையில்தான் இருக்கும். அவன் பேசுவது ஒரு மாதிரி ஆங்கிலம். அதை எங்கள் பேச்சில்தான் என்னால் எழுத முடியும்.

ஊரை விட்டுக் கராச்சிக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலைக்கு ஏறி, மெல்பேர்னில் இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை. எழுபத்திநாலில், அப்படி ஒளித்திருந்தவர்களுக்கு அரசாங்கம் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது இவனுக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. ஏன் ஊரைவிட்டு வந்தாய் என்று கேட்டால் "தண்ணிப் பிரச்சினை" என்று மட்டும் சொல்லுவானாம். மழை தண்ணி இல்லையாக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கீஸ்பரோவில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸும் கோவாவும் நடுகிற வேலை அவனுக்கு.

வேலைக்குப் போய் வந்து சும்மா இருக்கிற ஆளும் இல்லை. வாடகை வீட்டின் முன் புல்தரையைக் கொத்திப் புரட்டி, பாத்தி கட்டி, வெங்காயமும் டர்னிப்பும் போட்டான். குழாயைப் பாத்தியின் தலைமாட்டில் போட்டுவிட்டு, மண்வெட்டியால் ஒவ்வொரு பாத்திக்கும் வரம்பை வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவான். தெருவில் போகிற வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நிறம் ஒன்றாய் இருந்தால் எல்லாரும் ஒரே குடும்பம் என்று அவர்களுக்கு எண்ணம். அந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது.

வாசலுக்கு வருகிறவர்களை அவன் சும்மா அனுப்பமாட்டான். வேதம் சொல்ல வந்தவர்கள், தபால்காரர், ஒருமுறை வாக்யூம் கிளீனர் விற்க வந்த பெடியன், எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பச்சைத் தேயிலை ஊற்றி, ரொட்டியும் இறைச்சியும் வைத்துவிடுவான். சாப்பிடாமல் எழும்ப விடமாட்டான். அந்த வாக்யூம் பெடியன் ஒரு மணித்தியாலம் கழித்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வெளியே போக வேறு வழி உண்டா என்று கேட்டான். தன் சாமான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அதை எடுத்துவரப் போனது யார்? நான்தான். எனக்கும் ஒரு ரொட்டி கிடைத்தது, என் கணவரின் கை வழியாக.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டது ஒரு காரணத்துக்காக. அவனுடைய மனைவி ஸர்மீனா ஊரில் இருந்தாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது புறப்பட்டவன், மகள் பல்வஷாவின் முகத்தை ஒரு படத்தில்தான் பார்த்திருந்தான். அந்தப் படத்தைக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தான். எண்ணெய்ப் புகையில் பிள்ளையின் முகம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. வேறு இடத்தில் ஒட்டச் சொன்னால், சமைக்கும்போதுதான் தனக்குப் பார்க்க நேரம் என்றானாம். இரண்டு பேரையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தான். குடிவரவு இலாகாவில் இருந்து ஒருவர் வந்து ஆள் எப்படி, ஒழுங்கானவனா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரைக்குமாவது இந்த மனிதன் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தால் போதும் என்பதுதான் என் கவலை.

அவன் இருந்தான். கடவுள்தான் இருக்க விடவில்லை. எழுபத்தாறு தொடக்கத்தில் மழையைக் காணோம். குழாய்த் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதென்றால் எங்கள் தெருவில் ஒற்றை இலக்க வீடுகள் ஒரு நாள், இரட்டை இலக்க வீடுகள் மறுநாள். எல்லாரும் முணுமுணுத்தார்கள். குல்மீருக்கு மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். இந்த நாட்டுக்காரருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, தண்ணீர் என்றால் முறை இருக்கத்தான் வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னான். எங்கள் ஊரிலும் பங்குக் கிணற்றுக்கு முறை உண்டு, அதற்காக மண்டை உடைந்ததும் உண்டு. என் தகப்பனாரே ஒரு வேலிக்காகப் பதினைந்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர். ஆகவே அந்தச் சந்தோஷம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"இஞ்சருங்கோ," என்று இவரிடம் சொன்னேன், "உந்தாளுக்கு விளங்கப்படுத்துங்கோ. இது ஆத்துத் தண்ணி இல்லை. ஒருத்தர் கூட விட்டால் மற்றவருக்குக் குறையாது. பைப்பைத் திறந்தால் எல்லாருக்கும் வரும்."

"ராணி, அவனுக்கு அது தெரியும்தானே" என்றார் இவர்.

அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய கணக்கில், நம்முடைய முறை நாளில் எதிர்ப்பக்கத்து வீடு எதுவும் தண்ணீரைத் தொட்டால் அது நம்முடைய தண்ணீரைத் திருடுவது. பின்னேரங்களில் வீட்டு முன் விளிம்புக் கல்லில் குந்தியிருந்து தெருவைக் காவல் காக்கத் தொடங்கினான்.

நேர் எதிர்வீடு மிஸ்டர் டகனுடையது. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். மல்லி என்கிற வறண்ட பிரதேசத்தில் ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், வறட்சியில் பண்ணை போய்ப் பட்டணத்துக்கு வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தில் அது தெரியாது. டாலியாப் பூக்கள் வளர்ப்பார். எங்களுடைய முறை நாள் ஒன்றில் அவருடைய டாலியாப் பாத்தியில் ஒரு ரப்பர்க் குழாய் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தது. குல்மீர் தெருவைக் கடந்து போனான். தோட்டத்தில் கோவா வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது. அதை எடுத்துக் குழாயை இரண்டாக அறுத்துவிட்டுத் திரும்பி வந்து கல்லில் குந்தினான்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு. டகன் வெளியே வந்தார், அறுந்த குழாயைப் பார்த்தார், தெரு முழுக்கக் கேட்கத் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, குல்மீருக்கு நேரே வந்து நின்று சொன்னார். குடிவரவு ஆள் அடுத்த கிழமை தன்னிடமும் வந்து கேட்பாராம். கத்தியோடு தன் வளவுக்குள் வந்ததை ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறாராம். குல்மீர் எழும்பவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. தண்ணீர் களவு கொடுத்தவன் மன்னிப்புக் கேட்பதில்லை என்று என் கணவரிடம் சொன்னான்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான்தான் தெருவைக் கடந்து போனேன். டகன் என்னைத் தன் வீட்டின் உடுப்புத் துவைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் குழாயின் மறுமுனை துவைக்கிற மெஷினின் கழிவுத் தொட்டிக்குள் கிடந்தது. துணி அலசிய தண்ணீரை வீணாக்காமல் டாலியாவுக்கு விட்டிருக்கிறார். அது யாருடைய முறை நாளிலும் விடலாம். பைப்பை அவர் தொடவே இல்லை.

நான் திரும்பி வந்து, வேலியில் நின்று, இந்த முறை என் கணவரை நடுவில் வைக்காமல் நேரடியாக அவனுக்கே சொன்னேன்.

"அது அழுக்குத் தண்ணி, குல்மீர். உடுப்புத் தோய்ச்ச தண்ணி. ஆளின்ரை முறையும் இல்லை, உன்ரை முறையும் இல்லை. விளங்குதோ?"

அவனுடைய முகம் போன போக்கைப் பார்த்தால் யாரோ செத்த செய்தி சொன்னது போலிருந்தது. கத்தியை இடுப்பில் இருந்து எடுத்து எங்கள் வேலிக் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. போய் ஒரு சொரி சொல், புதுக் குழாய் ஒன்று வாங்கிக் கொடு, விஷயம் முடிந்தது என்று இவரிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. சொரி என்பது பஸ்ஸில் கால் மிதித்தால் சொல்லுவதாம். பிழையில்லாதவன் வளவுக்குள் கத்தியோடு போனால் அதற்கு வேறு வழி இருக்கிறதாம். அந்த வழி என்னவென்று இவர் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை. நான் விரதம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பெடியளோடு கத்திவிட்டு, தலையிடியோடு வந்து பார்த்தால், எங்கள் ஹோல்டன் காரின் பின்பக்கத்தில் ஒரு செம்மறி ஆடு நிற்கிறது. என் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கிரான்பேர்ன் பக்கத்துப் பண்ணைக்கு குல்மீரைக் கூட்டிக்கொண்டு போய் அதை ஏற்றி வந்திருக்கிறார். நான் திருவிழாவுக்கு எடுத்து வைத்த பாயை அதற்குக் கீழே விரித்திருக்கிறார்.

"என்ன இது?"

"ஆடு" என்றார் இவர்.

"ஆடு எண்டு தெரியுது. எங்கடை காருக்குள்ளை ஏன் நிக்குது?"

அப்போதுதான் சொன்னார். பஷ்தூன்களுடைய வழக்கமாம், நனவாத்தே என்று பெயராம். பிழை செய்தவன் ஒரு ஆட்டைக் கொண்டு, எதிராளியின் வாசலுக்குப் போய்த் தன்னை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுப் பெண்களும் கூடப் போக வேண்டும். பெண்கள் வந்து வாசலில் நின்றால்தான் எதிராளிக்கு மறுக்க மனம் வராதாம். வாசலிலேயே ஆட்டை வெட்டுவார்களாம்.

"அவனுக்கு இஞ்சை பெண்கள் இல்லை, ராணி. உம்மைத் தன்ரை சகோதரியாய் வரச்சொல்லிக் கேக்கிறான்."

குல்மீர் காருக்கு அந்தப்பக்கம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். சகோதரியிடம் ஒரு வார்த்தை நேரே பேசாதவன் சகோதரியை ஆட்டோடு தெருவைக் கடக்கச் சொல்லுகிறான். நான் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னேன். அந்த ஆட்டைத் தவிர எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். டகனின் வாசலில் ஆட்டை வெட்டினால் குடிவரவு ஆளுக்குப் பதிலாகப் பொலிஸ்தான் வரும், ஸர்மீனா இந்தப் பிறப்பில் விமானம் ஏறமாட்டாள் என்றேன். கத்தி இல்லாமல் வருவதென்றால் மட்டும் வாறன் என்றேன். இவரை விட்டு அவனுடைய சட்டைப் பைகளைச் சோதிப்பித்தேன். இந்தக் கூத்தில் நான் ஏன் சேர்ந்தேன் என்று என்னைக் கேட்டால், குசினிச் சுவரில் மஞ்சளாகிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் படம்தான் காரணம்.

நாங்கள் போனோம். முன்னால் குல்மீர், கழுத்தில் தன் தலைப்பாகைத் துணியைப் போட்டுக்கொண்டு, கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஆடு. பின்னால் விபூதிப் பூச்சோடு நான், எனக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கணவர். அந்தச் சிரிப்புக்கு வீட்டுக்குப் போய்க் கொடுக்க ஏச்சு வைத்திருந்தேன். டகனின் புல்தரையில் குல்மீர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். நானும் உன் ஆடுதான், வெட்டுவதென்றால் வெட்டு என்று அதற்கு அர்த்தம். டகன் கதவைத் திறந்தபோது கண்டது இதைத்தான்.

அவர் குல்மீரைப் பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார். பண்ணைக்காரப் புத்தி, ஆட்டைத்தான் கூட நேரம் பார்த்தார். குனிந்து அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"கிழடு," என்றார். "உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

இந்த ஆடு அவருக்கு என்றும், மன்னிப்புக்குக் கொண்டுவந்தது என்றும் நான் சொன்னேன்.

"எனக்கு ஆடு வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார்.

அவரைப் பொறுத்தவரை அது மரியாதையான பதில். அந்நியன் ஒருவனின் காசில் வந்த ஆட்டை வாங்குவது சரியில்லை என்று நினைத்திருப்பார். ஆனால் குல்மீரின் வாயில் இருந்த புல் கீழே விழுந்தது. ஆட்டின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அப்படியே புல்தரையில் இருந்துவிட்டான். எழும்பு, வீட்டுக்குப் போவோம் என்று இவர் தோளைப் பிடித்தார். அவன் எழும்பவில்லை.

"அவர் செய்தது சரி, பிரதர்," என்றான். "நானும் அப்பிடித்தான் செய்தனான்."

எந்தக் காலத்தில் என்று கேட்டேன். அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கடை வாய்க்காலிலை எங்களுக்கு ஒரு முறை, பக்கத்து வயல்காரருக்கு ஒரு முறை. எங்கடை முறையிலை அந்த வீட்டுப் பெடியன் மடையைத் திறந்தான். என்ரை அண்ணன் கேக்கப் போனார். பெடியன்ரை கையிலை துவக்கு இருந்தது. அண்ணனைப் புதைச்ச பிறகு பெடியன்ரை தேப்பன் எங்கடை வாசலுக்கு வந்தான். கிழவன். ஆட்டைக் கொண்டுவந்தான், பெண்சாதியைக் கொண்டுவந்தான், வாயிலை புல்லை வைச்சுக்கொண்டு நிண்டான். அப்பிடி வாறவனுக்குக் கதவை அடைக்கக் கூடாது. கொலைகாரனெண்டாலும் கூடாது. எங்கடை பாட்டன் பூட்டன் ஆரும் அடைச்சதில்லை. நான் அடைச்சன். பொழுதுபடுமட்டும் நிண்டுபோட்டுப் போனான்."

"பிறகு?"

"பெடியன் மலையைத் தாண்டி ஓடிட்டான். திரும்பி வரேல்லை. அவையளுக்கு அவன் ஒரே பிள்ளை. என்னோடை ஊர் கதைக்கேல்லை. நான் வெளிக்கிட்டிட்டன்."

தண்ணிப் பிரச்சினை என்று அவன் சொன்னதெல்லாம் இதுதான். எனக்குக் கால் உளைந்தது, பசி, தலையிடி. எல்லாம் சேர்ந்து ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. செத்த அண்ணன் மேலோ, சுட்ட பெடியன் மேலோ, புல்லுக் கடித்த கிழவன் மேலோ, இந்த முட்டாள் மேலோ. போய் டகனின் கதவை உள்ளங்கையால் அடித்தேன்.

"மிஸ்டர் டகன், உந்த ஆட்டை எடுங்கோ" என்றேன். "உங்களுக்கு ஆடு வேண்டாமெண்டு எனக்குத் தெரியும். எனக்கும் வேண்டாம். நான் காலமையிலிருந்து சாப்பிடேல்லை. நீங்கள் கயிற்றைப் பிடிக்காட்டி இந்தாள் உங்கடை புல்லிலேயே இருக்கும், எனக்கு ஆளைத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி கொண்டுவர வேண்டிவரும்." பிறகு குல்மீர் சொன்னதையும் சொன்னேன். சுருக்கமாகத்தான், எனக்கு நீட்டிச் சொல்ல அந்த நேரம் தெம்பில்லை.

டகன் கம்பி வலைக் கதவுக்கு உள்ளே நின்று கேட்டார். தாடையைத் தடவினார்.

"எடுத்தால் என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. சண்டை முடிஞ்சிடும்."

"இப்பிடி ஒரு விசர் வேலையை நான் என்ரை வாழ்நாளிலை காணேல்லை" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கி வந்து கயிற்றை வாங்கினார். குல்மீர் அவருடைய கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். டகனுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று பியர் கொண்டுவந்தார். ஒருவன் முஸ்லிம், ஒருத்தி விரதக்காரி. மூன்றையும் என் கணவர் குடித்தார்.

அடுத்த கிழமை குடிவரவு ஆள் வந்தார். எங்கள் வீட்டிலும் கேட்டார், டகனிடமும் கேட்டார். டகன் என்ன சொன்னார் என்று பிறகு விசாரித்தேன். ஆடு வாங்கத் தெரியாதவன், மற்றபடி குறையில்லை என்று சொன்னாராம். வருட முடிவில் அனுமதி வந்தது. ஸர்மீனாவும் பல்வஷாவும் குறித்த காலத்துக்குள் வந்து இறங்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதியில் குல்மீருக்கு நானே வடை சுட்டுக் கொடுத்து அனுப்பினேன். இனி அவன் பாடு, அவன் பெண்சாதி பாடு என்று நினைத்தேன்.

என்னைப் போல் ஒரு மடைச்சி இல்லை. அவர்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பவேண்டியவன், தனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"போய்க் கூட்டிக்கொண்டு வரப்போறானாக்கும்" என்றார் இவர்.

"இல்லை," என்றான் குல்மீர். "கிழவன்ரை வாசலுக்குப் போறன்."

நான் கத்தினேன். வெட்கப்படவில்லை, கத்தத்தான் செய்தேன். அனுமதி கையில் இருக்கிறது, மகள் ஏழு வயதுவரை தகப்பன் முகம் காணாதவள், நீ துவக்கு வைத்திருக்கிற ஆட்களின் வாசலுக்குப் போகிறாயா என்று கேட்டேன். அங்கே யாரும் உன்னைக் கூப்பிடவில்லை, உன்னிடம் யாரும் ஆடு கேட்கவில்லை, வாலைச் சுருட்டிக்கொண்டு இரு என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழமை போல என் கணவரைப் பார்த்துச் சொன்னான்.

"மிஸ்டர் டகன் கதவைச் சாத்தின அந்தக் கொஞ்ச நேரத்தையே என்னாலை தாங்கேலாமல் போச்சு, பிரதர். அந்தக் கிழவன் பொழுதுபடுமட்டும் நிண்டவன். சிஸ்டரிட்டைச் சொல்லு, நான் போகாமல் ஏலாது."

போய்விட்டான். எழுபத்தேழு பங்குனியில் டல்லமரீன் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிற வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். மூன்று நாள் விட்டார், பிறகு நான் விட்டேன்.

ஆவணியில் ஸர்மீனா வந்து இறங்கினாள், மகளோடு. குல்மீர் வரவில்லை. ஸர்மீனாவுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. அவள் கொண்டுவந்த செய்தியைப் பிரன்ஸ்விக்கில் இருந்து ஒரு பாகிஸ்தானியரைக் கூப்பிட்டுத்தான் விளங்கிக்கொண்டோம். குல்மீர் ஆட்டோடு போய் நின்றபோது கிழவன் செத்து இரண்டு வருடமாம். கிழவி மட்டும் தனியே இருந்தாளாம். இவனைக் கண்டதும் கதவை அடைத்துக்கொண்டாளாம். சுடவும் இல்லை, பேசவும் இல்லை. ஆண்துணை இல்லாத வீட்டின் தண்ணீர் முறையை ஊர் விழுங்கிவிட்டிருந்தது. வயல் காய்ந்து கிடந்தது. இவன் போய் அந்த முறையைக் கேட்டு வாங்கி, மடையில் படுத்திருந்து காவல் காத்து, கிழவியின் வயலை உழுது நெல் நட்டுவிட்டானாம். அவள் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை அங்கேதான் நிற்பானாம். அனுமதியின் காலம் முடிகிறது, நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று இவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறான்.

இரண்டு அறுவடை முடிந்தது. நெல்லைக் கிழவியின் வாசலில் மூட்டையாக அடுக்கி வைக்கிறானாம். அவள் மூட்டையை உள்ளே எடுக்கிறாளாம், கதவை மூடுகிறாளாம். இப்படி ஒரு கிழவியை நான் கேள்விப்பட்டதில்லை. இப்படி ஒரு மனிதனையும் கேள்விப்பட்டதில்லை.

ஸர்மீனா அதே கீஸ்பரோத் தோட்டத்தில் லீக்ஸ் கட்டுகிறாள். பல்வஷா பள்ளிக்கூடம் போகிறாள், நான் தமிழில் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறாள், என் பிள்ளைகளைப் போல. சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேலுக்குச் சாமான் வாங்க நான்தான் ஸர்மீனாவைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது. போன சனிக்கிழமை திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"உனக்குக் கோபம் வரேல்லையோ?" என்று கேட்டேன். "உங்களை இஞ்சை கூப்பிடத்தான் அந்த மனிசன் இவ்வளவு பாடும் பட்டது. இப்ப நீ இஞ்சை, அவன் அங்கை. ஆற்றையோ வயலை உழுதுகொண்டு நிக்கிறான்."

"வருது," என்றாள். "ஒவ்வொரு நாளும் வருது."

எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் சொன்னாள்.

"ஊர் கதைக்காததாலை வெளிக்கிட்டவர் எண்டு உங்களுக்குச் சொல்லியிருப்பார். அது பொய். ஊரிலை கதைச்ச ஆக்கள் இருந்தவை. கதைக்காதது நான். கிழவர் வாசல்லை நிண்ட அண்டைக்கு நான் உள்ளை இருந்தனான். கதவைத் திறவுங்கோ எண்டு இவற்றை காலைப் பிடிச்சுக் கெஞ்சினனான். அவர் திறக்கேல்லை. அண்டையிலிருந்து ஒரு சொல்லு நான் அவரோடை கதைக்கேல்லை. வயித்திலை பிள்ளை இருக்கெண்டதையும் வேறை ஆள்தான் போய்ச் சொன்னது."

நான் காரை வீட்டு முன் நிறுத்தினேன்.

"இப்ப?"

"இந்தமுறை போய் நிண்டாரே, அண்டைக்கே என்ரை மனம் ஆறிட்டுது. கிழவி திறந்தாலென்ன, திறக்காட்டியென்ன."

"அதை அவனுக்குச் சொன்னனீயோ?"

"இல்லை."

"ஏன்?"

"சொன்னால் உழவைப் பாதியிலை விட்டுட்டு ஓடி வந்திடுவார்" என்றாள். "அந்தக் கிழவிக்கு வேறை ஆர் இருக்கினம்?"

இந்தச் சனங்களோடு என்னதான் செய்வது. அவளுடைய அரிசி மூட்டையை நானே இறக்கி அவள் குசினியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, இவர் என்ன நடந்தது என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அறைக்குள் போய் இருந்து அழுதேன்.